கணினியில் ‘வெற்றி’, கவுண்டரில் ‘பதிவு இல்லை’: தரவுத்தளப் பராமரிப்பும் நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களும்

2025 ஆகஸ்ட் 31, தேசிய நாள். அன்று முதல் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள சுமார் 2 கோடியே 20 லட்சம் குடிமக்களுக்கு மைகாட் வழி 100 ரிங்கிட் ‘சாரா’ உதவி வழங்கப்பட்டது. பதிவு பெற்ற கடையில் அட்டையைக் கொடுத்தால் போதும், அரிசி, எண்ணெய், மாவு போன்ற அத்தியாவசியப் பொருள்களை வாங்கலாம். ஆனால், முதல் நாளே கூட்டம் குவிந்ததால் முறைமை திணறியது. பொருளைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டு வரிசையில் காத்திருந்தவர்கள் பலர். அந்தக் கோளாறு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, செய்தியானது, சரிசெய்யப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு வேறு வகை. கணினி நன்றாக வேலை செய்கிறது, வரிசையும் இல்லை. அட்டையைச் செருகியதும் ‘தகுதி இல்லை’ அல்லது ‘பதிவு இல்லை’ என்று திரையில் வருகிறது. அந்த ஒருவருக்கு மட்டும்தான் அது கோளாறு. முறைமையைப் பொறுத்தவரை அன்றைய வேலை வெற்றியாக முடிந்துவிட்டது.

லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ், கெமாஸ் வட்டாரத் தோட்டங்களில் வாழும், அல்லது அங்கிருந்து வெளியேறிய தமிழர்களுக்கு இந்த இரண்டாவது வகைக் கோளாறுதான் பெரிய கவலையாக இருக்க வேண்டும். உதவித் தொகை, பெட்ரோல் மானியம், வாக்குரிமை, சேமநிதி என்று எல்லாமே இப்போது தரவுத்தளங்களின் தானியங்கிப் பராமரிப்பைச் சார்ந்திருக்கின்றன. அந்தப் பராமரிப்பு எப்படி நடக்கிறது, எங்கே பழுதாகிறது, பழுதானால் யார் கண்டுபிடிப்பது என்ற கேள்விகள் இனி கணினித் துறையினருக்கு மட்டும் உரியவை அல்ல.

நள்ளிரவில் நடக்கும் வேலை

ஒரு பெரிய தரவுத்தளத்தைத் தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பெயர், எண், வேலை நாள், சம்பளம் எல்லாம் இருக்கும். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட புத்தகத்தை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது என்பதால், குறிப்பிட்ட நேரத்தில் தானாக ஓடும் சில வேலைகளைக் கணினியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இவை பயனர் குறைவாக உள்ள நள்ளிரவில் ஓடும்.

முதல் வேலை, காப்புப் பிரதி எடுப்பது. மூலப் புத்தகம் தொலைந்தாலும் இன்னொன்று இருக்க வேண்டும். இரண்டாவது, பக்கங்கள் கிழியாமல் சிதையாமல் இருக்கின்றனவா என்று சோதிப்பது. மூன்றாவது, பொருளடக்கத்தைப் புதுப்பிப்பது. அது பழசாகிவிட்டால் ஒரு பெயரைத் தேட நிமிடக் கணக்கில் ஆகும், கவுண்டரில் ‘முறைமை மெதுவாக உள்ளது’ என்பார்கள். நான்காவது, வேண்டாத பழைய வரிகளை நீக்குவது. ஐந்தாவது, வேறு துறைகளின் புத்தகங்களோடு ஒப்பிட்டு இறந்தவர், முகவரி மாறியவர், வருமானம் உயர்ந்தவர் ஆகியோரின் பதிவைத் திருத்துவது.

முதல் மூன்றும் இயந்திரத்தின் நலம் பற்றியவை. கடைசி இரண்டும் மனிதரின் வாழ்வைத் தொடுபவை. ஆனால் ஐந்து வேலைகளும் ஒரே மாதிரி பதிவேட்டில் எழுதப்படும்: இத்தனை மணிக்குத் தொடங்கியது, இத்தனை மணிக்கு முடிந்தது, வெற்றி. குழப்பம் தொடங்குவது இந்த ‘வெற்றி’ என்ற சொல்லில்தான். வேலை முடிந்துவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. வேலை சரியாக நடந்ததா என்பதை வேறு ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஓடாத வேலை, வராத எச்சரிக்கை

தானியங்கிப் பராமரிப்பு மூன்று விதமாகப் பழுதாகும். முதலாவது, வேலை ஓடவே இல்லை, அது யாருக்கும் தெரியவும் இல்லை.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் கிட்லேப் நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். பதற்றப்படத் தேவையில்லை, தினமும் காப்புப் பிரதி எடுக்கும் வேலை ஓடுகிறதே என்று தேடிப் பார்த்தால், சேமிப்பிடம் காலியாக இருந்தது. காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்க்கொண்டுதான் இருந்தன. அவற்றில் சரியான சான்றொப்பம் இல்லை என்று பெறும் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. விபத்துக்கு 6 மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் வேறு காரணத்துக்காகக் கைப்பட எடுத்து வைத்த நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது.

அரசாங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜியோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலம் ஒன்றில் பற்றிய தீ நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகளை முடக்கியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமிக்கும் ‘ஜி டிரைவ்’ என்ற சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியிடத்தில் காப்புப் பிரதியே இல்லை. தகவல் தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டிலேயே இந்த நிலை.

சரியாக ஓடிய வேலை, தவறாகப் பொருத்திய ஆள்

இரண்டாவது வகை இன்னும் ஆபத்தானது. வேலை ஓடுகிறது, பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஆனால், இரண்டு பட்டியல்களை ஒப்பிடும்போது தவறான ஆளைத் தவறான வரியோடு சேர்த்துவிடுகிறது.

இந்தியாவின் தெலங்கானா மாநிலத்தில் 2014க்குப் பின் 18 லட்சத்துக்கும் அதிகமான உணவு அட்டைகள் ரத்து செய்யப்பட்டன. பல துறைகளின் பட்டியல்களைக் கணினியில் ஒப்பிட்டு, வாகனம் வைத்திருப்பவர், வசதியுள்ளவர் என்று முடிவு செய்த பல குடும்பங்களுக்கு முன்னறிவிப்புகூடக் கொடுக்கப்படவில்லை. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இன்னொருவரின் காரை ஏழை ஒருவரின் கணக்கில் எழுதினாலும் கணினிக்கு அது பிழையாகத் தெரியாது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2022இல் நேரடிக் கள ஆய்வு நடத்தி மறுசரிபார்ப்பு செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின், நீக்கப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் உண்மையில் தகுதி உள்ளவர்கள் என்று தெரியவந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு மாதிரி. அங்கு ‘ரோபோடெட்’ என்று பேர் வாங்கிய திட்டம், வருமான வரித் துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கணக்காகச் சமமாகப் பிரித்து, உதவித் தொகை பெற்றவர்கள் அதிகம் வாங்கிவிட்டதாகக் கணக்குக் காட்டியது. ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் சும்மா என்று இருந்தவர்கள் பலர் கடனாளிகளாக ஆக்கப்பட்டார்கள். 4 லட்சத்துக்கும் அதிகமானோர் மீது தவறாகக் கடன் சுமத்தப்பட்டது. 2023 ஜூலையில் அரச விசாரணை ஆணையம் அத்திட்டத்தைக் கடுமையாகச் சாடியது.

இந்தச் சராசரிக் கணக்கு எவ்வளவு தவறாகப் போகும் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை மாதத்தில் பால்மரத்தில் கத்தி வைக்க முடியாது. செம்பனைக் குலை குறைந்த மாதத்தில் சம்பளமும் குறையும். ஒரு நல்ல மாதத்தின் சம்பளச் சீட்டைப் பார்த்து ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பம் காகிதத்தில் மேலே ஏறிவிடும். 2022 கணக்குப்படி மலேசியாவின் சராசரி வறுமைக் கோட்டு வருமானம் மாதம் 2,589 ரிங்கிட். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலும் கீழுமாக ஊசலாடும் குடும்பங்களுக்கு, எந்த மாதத்துப் பதிவு எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதே பெரிய விஷயம்.

எல்லாம் சரி, மூலமே பழசு

மூன்றாவது வகையில் வேலையும் சரி, பொருத்தமும் சரி. ஆனால், எந்தப் பதிவை நம்பி வேலை நடக்கிறதோ அந்தப் பதிவு பழசாகிவிட்டது. நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களை அதிகம் பாதிக்கக்கூடியது இதுதான்.

முகவரியை எடுத்துக்கொள்வோம். நீலாய், செனவாங், ஶ்ரீ செண்டாயான் என்று இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் நிற்கும் இடங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம். தோட்டம் விற்கப்பட்டது, லயத்து வீடுகள் உடைக்கப்பட்டன, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் போனார்கள். மாநிலத்தின் 61 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் ‘லாடாங்’ என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதேபோல் பலருடைய மைகாட் அட்டையிலும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவுத் துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில், வேலைக்கு அட்டையைக் காட்டும்போதோ அட்டை தொலையும்போதோதான் பலருக்கு அது நினைவுக்கு வருகிறது.

இதன் விளைவு வாக்காளர் பட்டியலில் தெளிவாகத் தெரியும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தானாகவே வாக்காளராகப் பதியப்படுகிறார்கள். 2018 பொதுத்தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது இந்த மாற்றத்தால்தான். இளைஞர்கள் விண்ணப்பப் பாரத்துக்கு அலைய வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. ஆனால், தானியங்கிப் பதிவு மைகாட் முகவரியைத்தான் நம்புகிறது. உடைக்கப்பட்டுவிட்ட லயத்து முகவரியில் ஒரு மகன் வாக்காளராகிறான். அவன் வாழ்வதோ நீலாயில், வேறு தொகுதியில். மைகாட்டில் முகவரியை மாற்றிவிட்டால் வாக்களிப்பு இடமும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மாறாது. தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 36 சட்டமன்றத் தொகுதிகளே கொண்ட மாநிலத்தில், சில நூறு வாக்குகள் இடம் மாறிக் கிடப்பது சிறிய விஷயமில்லை.

அடுத்தது அடையாள எண். இன்று நாம் பயன்படுத்தும் 12 இலக்க எண் 1990இல் வந்தது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், நெகிரி செம்பிலானுக்கு 05. சில்லு பொருத்திய மைகாட் 2001இல் வந்தது. 12 இலக்க எண் வருவதற்கு முன்பே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவரின் சேமநிதிக் கணக்கு பழைய எண்ணில் தொடங்கியது. பழைய எண்ணும் புதிய எண்ணும் எல்லாக் கோப்பிலும் இணைக்கப்பட்டிருந்தால் சிக்கல் இல்லை. எங்கோ ஓரிடத்தில் இணைக்கப்படாமல் விட்டிருந்தால், கணினியின் பார்வையில் அவர் இரண்டு ஆள். சேமநிதியில் உறுப்பினருக்கு 100 வயதாகும்போது எடுக்கப்படாத பணம் உரிமை கோரப்படாத பணமாகப் பதிவாளரிடம் மாற்றப்படும். தாத்தா பாட்டி பெயரில் பணம் இருப்பதே தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு அது கணினியின் இன்னொரு ‘வெற்றி’.

பெயரின் கதை தனி. தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்பை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே லெட்சுமி, ஒரு சான்றிதழில் லட்சுமியாகவும் இன்னொன்றில் லெச்சுமியாகவும் இருப்பார். தந்தை பெயருக்கு முன் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்ற குறியில் உள்ள சாய்கோட்டைச் சில கணினிப் பாரங்கள் ஏற்பதில்லை. ஒன்றில் சாய்கோடு போய் ‘ஏஎல்’ என்று ஆகும், இன்னொன்றில் முழுவதும் விடுபடும், பழைய தாளில் ‘எஸ்/ஓ’ என்று இருக்கும். அரசாங்கத் தரவுத்தளங்கள் எண்ணை வைத்துப் பொருத்துவதால் பெயர் மாற்றம் பாதிக்காது என்று தோன்றலாம். ஆனால், வங்கிக் கணக்கு, சேமநிதி வாரிசு நியமனம், திருமணச் சான்றிதழ் என்று பணம் கைக்கு வரும் கடைசிப் படியில் பெயரையும் பார்க்கிறார்கள்.

திருமணமும் இதில் சேரும். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே விருந்து வைத்து, பதிவு மட்டும் செய்யாமல் விட்ட தம்பதியர் தோட்டப்புறங்களில் உண்டு. கணினியைப் பொறுத்தவரை அவர்கள் கணவன் மனைவி இல்லை. குடும்ப அடிப்படையில் கணக்கிடப்படும் உதவியில் ‘துணைவர்’ என்ற கட்டம் காலியாகவே இருக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சில நேரங்களில் குடியுரிமை வரை அந்தக் காலிக் கட்டம் துரத்தும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் முதியவர்களோ, குடிமக்களுக்கான சாரா, புடி95 போன்ற திட்டங்களின் பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை.

இணைப்பு அதிகமானால் பிழையும் பயணிக்கும்

முன்பு ஒரு துறையில் ஏற்பட்ட பிழை அந்தத் துறையோடு நின்றது. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 30 முதல் அனைவருக்கும் நடப்புக்கு வந்த புடி95 திட்டத்தில், தொடக்கத்தில் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் விலையில் மாதம் 300 லிட்டர் வரை வழங்கப்பட்ட மானியப் பெட்ரோலை வாங்க, ஒருவர் குடிமகன் என்று தேசியப் பதிவுத் துறையும் ஓட்டுநர் உரிமம் உள்ளவர் என்று சாலைப் போக்குவரத்துத் துறையும் ஒத்துச் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பம்பில் மானியம் கிடைக்காது. மோட்டார் சைக்கிளில் தோட்டத்திலிருந்து செனவாங் தொழிற்சாலைக்குப் போகும் தொழிலாளிக்கு அது நேரடியான இழப்பு.

2024 ஜனவரி 2 அன்று பிரதமர் டத்தோஶ்ரீ அன்வார் இப்ராஹிம் தொடக்கி வைத்த ‘பாடு’ மத்தியத் தரவுத்தளம், இந்த இணைப்பின் பெரிய முயற்சி. பல துறைகளின் தகவல்களை ஒன்றாக்கி, ஒவ்வொருவரும் தம் விவரத்தைத் தாமே சரிபார்க்கலாம் என்பது அதன் நோக்கம். தொடங்கிய ஓரிரு நாளிலேயே, ஒருவரின் அடையாள அட்டை எண் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றிவிடக்கூடிய ஓட்டை சுட்டிக்காட்டப்பட்டு அடைக்கப்பட்டது. 2024 மார்ச் 31 வரை சுமார் 1 கோடியே 76 லட்சம் பேரின் விவரங்கள் புதுப்பிக்கப்பட்டன. மீதமுள்ளவர்களின் பதிவு பழைய தகவலோடு நின்றது. இணைய வசதி குறைந்த தோட்டங்களில் வாழும் முதியவர்கள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

2025 ஏப்ரல் 28 அன்று நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம், மத்திய அரசாங்கத் துறைகள் தங்களுக்குள் தகவலைப் பகிர வழி திறந்தது. இதனால் ஒரே விவரத்தைப் பத்து கவுண்டரில் சொல்ல வேண்டிய நிலை குறையலாம். அதே வழியில் பிழையும் பத்து இடத்துக்குப் போகலாம். அப்படிப் போனால், குடிமகனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு எந்த அளவு? 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் தகவலைப் பார்க்கவும் திருத்தவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. ஆனால், அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. தனியார் நிறுவனத்திடம் உரிமையோடு கேட்கக்கூடிய திருத்தத்தை, அரசாங்கத் துறையிடம் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

பழுது பார்ப்பவரின் வழி

நல்ல தரவுத்தள நிர்வாகி, பழுது என்று வந்தால் வேலையை மறுபடி ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார். முதலில் பதிவேட்டைத் திறப்பார். எத்தனை வரி உள்ளே போயின என்பதை விட, எத்தனை வரி ஒதுக்கப்பட்டன, ஏன் என்று பார்ப்பார். காப்புப் பிரதி இருக்கிறது என்ற சொல்லை நம்பாமல், அதிலிருந்து ஒரு பகுதியை மீட்டுப் பார்ப்பார். எச்சரிக்கை யாருக்குப் போகிறது, அவர் இன்னும் அந்த வேலையில் இருக்கிறாரா என்று விசாரிப்பார். கடைசியாக, பிழையை அது தோன்றிய இடத்தில் திருத்துவார். நகலில் மட்டும் திருத்தினால், அடுத்த இரவு மூலத்திலிருந்து அதே பிழை மறுபடி வந்து உட்காரும். உதவிக் கவுண்டரில் முகவரியைத் திருத்தியும் அடுத்த ஆண்டு பழைய முகவரியே வருகிறது என்றால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த நான்கு பழக்கங்களையும் அரசாங்கத்தின் கடமைகளாக மாற்ற முடியும். முதலாவது, பொருந்தாமல் ஒதுக்கப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். ஜெம்போலில் இத்தனை, போர்ட்டிக்சனில் இத்தனை என்று தெரிந்தால்தான் எங்கே ஆள் அனுப்புவது என்று முடிவு செய்யலாம். இரண்டாவது, ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் முன் அவருக்குத் தெரிவித்து, மறுமொழி கூற அவகாசம் தர வேண்டும். தெலங்கானாவில் விடுபட்டது இந்தப் படிதான். மூன்றாவது, கைப்பேசிச் செய்தி போதாது என்கிற இடங்களுக்கு நேரில் ஆள் போக வேண்டும். நான்காவது, ஒரு கவுண்டரில் செய்த திருத்தம் மூலத் துறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு எழுத்து மூலமான உறுதி தரப்பட வேண்டும்.

நேரில் ஆள் போவது பழங்காலத்து வழி என்று சிலர் சொல்லலாம். தோட்டத்தில் தினமும் விடியற்காலையில் நடந்த பெரட்டு இதற்காகத்தான் இருந்தது. கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயரைக் கூப்பிடுவார், ஆள் குரல் கொடுப்பார். புத்தகத்தில் இருக்கும் பெயருக்கு எதிரே ஆள் நிற்கிறாரா என்று அன்றாடம் ஒப்பிட்டார்கள். அந்தக் கணக்கு முதலாளியின் லாபத்துக்காக எடுக்கப்பட்டது, அதில் அநியாயமும் நடந்தது. ஆனாலும், பெயர் விடுபட்டால் அன்று காலையே தெரிந்துவிடும், முறையிட எதிரே ஒரு முகம் இருக்கும். இன்றைய தரவுத்தளத்தில் பெயர் விடுபட்டால் தெரிய மாதங்கள் ஆகலாம், கேட்க வேண்டிய முகம் எது என்பதும் தெரியாது.

இப்போதே செய்யக்கூடியவை

சட்டமும் கொள்கையும் மாறும் வரை காத்திருக்க முடியாது. குடும்பத்தில் ஒருவர் அரை நாள் ஒதுக்கினால் பெரும்பாலான பிழைகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

மைகாட் முகவரி இப்போது வாழும் வீட்டுடையதா என்று பார்த்து, இல்லையென்றால் தேசியப் பதிவுத் துறையில் மாற்ற வேண்டும். சில்லு கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் படிக்கப்படுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையச் சேவையில் அடையாள எண்ணைக் கொடுத்து வாக்களிப்பு இடத்தைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சேமநிதிக் கணக்கில் பெயர், எண், வாரிசு நியமனம் மூன்றையும் பார்க்க வேண்டும். நியமிக்கப்பட்டவர் இறந்திருந்தால் புதிதாக நியமிக்க வேண்டும். இறந்த பெற்றோர், தாத்தா பாட்டியின் பழைய அடையாள எண் எழுதிய தாள் ஏதேனும் பெட்டியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். உரிமை கோரப்படாத பணத்தைத் தேடத் தலைமைக் கணக்காளர் துறையின் ‘இகுமிஸ்’ இணையச் சேவை இருக்கிறது. எஸ்டிஆர் உதவி மறுக்கப்பட்டால், மறுக்கப்பட்ட காரணத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, மேல்முறையீட்டுக்கு உரிய காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் கவுண்டரிலும் திருத்தம் செய்தால் தேதியும் மேற்கோள் எண்ணும் இல்லாமல் வெளியே வரக்கூடாது.

இதைத் தனியாகச் செய்ய முடியாத முதியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். ஆலய நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மடிக்கணினி, நல்ல இணைய இணைப்பு ஆகியவற்றோடு அமர்ந்தால் ஒரே நாளில் ஒரு தோட்டத்தின் பதிவுகளைப் பார்த்து முடிக்கலாம். திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய் நன்கொடை எழுதுகிற அதே பழக்கம்தான் இதற்கும் வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: உதவி செய்ய வருபவர் யாராக இருந்தாலும் கடவுச்சொல்லையும் டிஏசி எண்ணையும் அவரிடம் கொடுத்துவிடக் கூடாது. மோசடிக்காரர்களும் இதே வாசகத்தோடுதான் வருகிறார்கள்.

அப்படிப் பார்க்கும்போது கிடைக்கும் பிழைகளை வெறும் குறையாகப் பேசிக் கலையாமல், பட்டியலாக எழுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட அலுவலகத்திடமும் கொடுக்க வேண்டும். முகவரிப் பிழை இத்தனை, பழைய எண் இணையாதது இத்தனை, பதியாத திருமணம் இத்தனை என்று கணக்கோடு போனால், ‘தனிப்பட்ட சிக்கல்’ என்று தள்ளிவிட முடியாது. நள்ளிரவில் ஓடும் வேலை ஒதுக்கித் தள்ளிய வரிகளை எண்ணிப் பார்க்க அரசாங்கம் இன்னும் தொடங்கவில்லை என்றால், லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் உள்ளவர்கள் அந்த எண்ணிக்கையைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம்.